பிரிட்டனில் சர்ஃபிங்: எந்தக் கரை, எந்த மாதம், எத்தனை மணிக்கு?

கேள்வி இது: “லண்டனில் வேலை. கோவளத்தில் ஒரு வாரம் சர்ஃபிங் கற்றிருக்கிறேன். நுரை அலையில் போர்டின்மேல் எழுந்து நிற்க வரும், உடையாத அலையை இன்னும் பிடித்ததில்லை. கார் கிடையாது. பிரிட்டனில் எங்கே, எப்போது போனால் சரியாக இருக்கும்?”

முதலில் ஒரு பழக்கத்தை விட்டுவிடுங்கள். விடுதியை மூன்று மாதம் முன்பே பதிவு செய்துவிட்டு, அந்த ஊர்க் கரையில் அன்றைக்கு என்ன வருகிறதோ அதில் இறங்குவதைத்தான் இங்கே பலரும் செய்கிறார்கள். மூன்று நாள் போனால் இரண்டு நாள் வீணாகும். ஒரே நாளில், ஒரே காற்றில், இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு கரைகளில் ஒன்று குழம்பிக் கொந்தளிக்கும், மற்றது வரி வரியாகச் சீரான அலை தரும். ஸ்வெல் (தொலைவில் காற்று எழுப்பி, கடல் கடந்து வரும் அலை) எந்தத் திசையிலிருந்து வருகிறது, காற்று எங்கிருந்து எங்கே வீசுகிறது, அந்த மணியில் கடல் மட்டம் எவ்வளவு என்ற மூன்றும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. ஆகவே வெவ்வேறு திசை பார்த்த இரண்டு மூன்று கரைகள் பக்கத்திலேயே இருக்கிற ஊராகப் பார்த்துத் தங்குங்கள். எந்தக் கரை என்பதை அன்று காலையில் முடிவு செய்துகொள்ளலாம்.

கோவளத்தில் கற்றவர்களுக்கு இங்கே புதிதாக இருக்கப்போவது ஓதம், அதாவது கடல் மட்டம் ஏறி வற்றுவது. சென்னைப் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான். அட்டவணை பார்க்காமலே காலம் தள்ளலாம். இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலின் நியூக்கீயில் அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் அந்த வித்தியாசம் 6 மீட்டரைத் தாண்டும். அஷ்டமி, நவமி ஒட்டிய நாட்களில் 3 மீட்டர் அளவுக்குக் குறையும். பிரிஸ்டல் கால்வாயின் உட்பகுதியில் 14 மீட்டர் வரை போகும். உலகின் மிகப் பெரிய ஓதங்களில் அதுவும் ஒன்று. இதனால் ஒரே கரை ஒரே நாளில் மூன்று வேறு இடங்களைப் போல நடந்துகொள்ளும். காலையில் கற்சுவரில் மோதித் திரும்பும் அலை, பத்து மணிக்கு மணல்திட்டில் அழகாக உடையும் அலை, நண்பகலில் அரை கிலோமீட்டர் தள்ளிப் போய் ஒரே நேரத்தில் நீளவாக்கில் கவிழ்ந்துவிடும் அலை என்று மாறிக்கொண்டே இருக்கும்.

ஏற்றத்திலிருந்து வற்றத்துக்குச் சுமார் ஆறேகால் மணி நேரம். தண்ணீர் ஒரே சீராக ஏறுவதில்லை. முதல் மணியில் மொத்த உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு பங்கு, அடுத்த இரண்டு மணிகளில் மூன்று மூன்று பங்கு, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. 6 மீட்டர் ஓதம் என்றால் நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் 3 மீட்டர் ஏறிவிடும். ஐம்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் சரியும் தட்டையான மணற்கரையில், அந்த வேளையில் மணிக்கு 75 மீட்டர் தண்ணீர் முன்னேறி வரும். பையையும் செருப்பையும் எங்கே வைத்தோம் என்பதைவிட, எந்தக் குன்றின் அடியில் நிற்கிறோம் என்பது முக்கியம். நியூக்கீயின் டோவன், கிரேட் வெஸ்டர்ன், டோல்கார்ன் கரைகள் வற்றத்தில் ஒன்றாகிவிடும், மணலிலேயே நடந்து போகலாம். ஏற்றத்தில் ஒவ்வொன்றும் தனித்தனியாகி, நடுவில் நிற்பவருக்கு முன்னே கடல், பின்னே செங்குத்துப் பாறை. வாட்டர்கேட் பேயிலும் சேப்பல் போர்த்திலும் பெரிய ஏற்றத்தில் மணலே மிஞ்சாது.

பெரும்பாலான மணற்கரைகளில் கற்றுக்கொள்பவருக்கு ஏற்றது, வற்றம் முடிந்து இரண்டு மணி நேரம் கழித்துத் தொடங்கி அடுத்த இரண்டு இரண்டரை மணி நேரம். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும், அலை மெதுவாக உடையும், நீங்கள் தவறினாலும் கடல் கரைப் பக்கமே தள்ளும். வற்றிக்கொண்டிருக்கும் நடுநேரத்தில், கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் ரிப் நீரோட்டங்கள் வலுக்கும். ஓதம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், போன சனிக்கிழமை சரியாக இருந்த மணி இந்தச் சனிக்கிழமை நேர் எதிராக இருக்கும். கார்ன்வாலின் வட கரையில் ஒரு வசதி: அமாவாசை, பௌர்ணமி ஓதங்களில் வற்றம் எப்போதும் நண்பகலை ஒட்டியே வரும், அஷ்டமி ஓதங்களில் ஏற்றம் நண்பகலை ஒட்டி வரும். நாட்காட்டியில் திதி தெரிந்தாலே அன்றைய நாளின் போக்கு தோராயமாகப் பிடிபடும். அச்சிட்ட ஓத அட்டவணை வாங்கினால் அது கிரீன்விச் நேரத்திலா, கோடைக்கால நேரத்திலா என்று முதல் பக்கத்தில் பாருங்கள். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை கிரீன்விச் நேரத்தோடு ஒரு மணி கூட்ட வேண்டும். இதைக் கவனிக்காமல் ஒரு மணி முன்பே போய் நிற்பவர்கள் ஏராளம்.

அடுத்து ஸ்வெல். முன்னறிவிப்பில் அலை உயரத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறார்கள். அதன் பக்கத்தில் விநாடியில் இருக்கும் எண்ணையும் பாருங்கள். அது ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளி. ஆழ்கடலில் 8 விநாடி அலையின் நீளம் சுமார் 100 மீட்டர். 14 விநாடி அலையின் நீளம் 300 மீட்டருக்கு மேல். அலை தன் நீளத்தில் பாதி ஆழத்திலேயே அடித்தரையை உணரத் தொடங்குகிறது. ஆகவே நீண்ட இடைவெளி அலை வெகு தொலைவிலிருந்தே தரையை உணர்ந்து, வளைந்து, கரையருகே குவிந்து உயர்ந்துவிடும். 1 மீட்டர், 7 விநாடி என்றால் இடுப்பளவு குழம்பிய அலை. அதே 1 மீட்டர் 14 விநாடியில் வந்தால் சுமக்கும் ஆற்றல் இரட்டிப்பு. கரையில் தலையளவுக்கு எழும்பவும் கூடும். பெரிய அலைகள் சில சேர்ந்து வருவதைச் செட் என்பார்கள். செட்டுக்கும் செட்டுக்கும் நடுவே பல நிமிட அமைதி இருக்கும் என்பதால், அந்த அமைதியைப் பார்த்து ஏமாந்து இறங்கிவிடுவார்கள். உங்கள் நிலையில் 0.5 முதல் 1 மீட்டர், 8 முதல் 11 விநாடி, காற்று மணிக்கு 12 மைலுக்குக் கீழே என்பது நல்ல நாள். 1.5 மீட்டரும் 13 விநாடியும் என்று போட்டிருந்தால், திறந்த கரைகளில் மேலே நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், இறங்க வேண்டாம்.

12 விநாடி ஸ்வெல் ஆழ்கடலில் மணிக்கு 33 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். 2,000 கிலோமீட்டர் தள்ளி அட்லாண்டிக்கில் எழுந்த புயலின் அலை கார்ன்வாலைத் தொட இரண்டரை நாள் ஆகும். அதனால்தான் ஸ்வெல்லைப் பற்றிய கணிப்பை மூன்று நாள் முன்பே ஓரளவு நம்பலாம்; காற்றைப் பற்றியதை முந்தின இரவுதான் நம்பலாம். டிக்கெட்டை ஸ்வெல் பார்த்து எடுங்கள், கரையைக் காற்று பார்த்து மாற்றுங்கள். சர்ஃப்லைன், விண்ட்குரு என்ற முன்னறிவிப்புத் தளங்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, கிளம்பும் காலையில் மிதவைகளின் நேரடி அளவீட்டையும் பாருங்கள். பெரன்போர்த் கடலில் இருக்கும் அலைமிதவையின் அளவு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கணிப்பு 1.2 மீட்டர் என்று சொல்லி மிதவை 1.8 காட்டினால், மிதவைதான் உண்மை.

காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசினால் ஆஃப்ஷோர். அலையின் முகத்தைச் சீவி நிமிர்த்தி வைக்கும். கடலிலிருந்து கரைக்கு வீசினால் ஆன்ஷோர். அலை முன்கூட்டியே சரிந்து நுரையாகும். பிரிட்டனில் அதிகம் வீசுவது தென்மேற்குக் காற்று. மேற்கு பார்த்த கார்ன்வால், டெவன் கரைகளுக்கு இது கெடுதல். வடகிழக்கு இங்கிலாந்துக்கு அதே காற்று வரம். ஃபிஸ்ட்ரல் போன்ற மேற்கு–வடமேற்கு பார்த்த கரைக்குத் தென்கிழக்குக் காற்று வேண்டும். புயல் கடந்துபோய், உயரழுத்தம் வந்து உட்கார்ந்து, லேசான கிழக்குக் காற்றும் 11, 12 விநாடி எச்ச ஸ்வெல்லும் சேரும் நாள்தான் எல்லோரும் வேலைக்கு லீவு சொல்லும் நாள். கோடையில் பதினொரு மணிக்கு மேல் கடற்காற்று எழும். ஓதம் இடம் கொடுத்தால் காலை ஆறு, ஏழு மணிக்கே இறங்கிவிடுங்கள். ஆனால் ஒன்று: ஆஃப்ஷோர் காற்று மணிக்கு 20 மைலைத் தாண்டினால், ஃபோம் போர்டில் இருக்கும் புதியவரை அது கடலுக்குள்ளே தள்ளிக்கொண்டே போகும். “ஆஃப்ஷோர் நல்லது” என்று படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள்.

இனி கரைகள். கார் இல்லாதவருக்கு என் தேர்வு மேற்குக் கார்ன்வால், அதிலும் செயின்ட் ஐவ்ஸ். பாடிங்டனிலிருந்து பென்சான்ஸ் போகும் ரயிலில் ஏறி செயின்ட் எர்த்தில் மாறினால் கிளைப் பாதை செயின்ட் ஐவ்ஸில் கொண்டுபோய் விடும். சனிக்கிழமை தவிர மற்ற இரவுகளில் பென்சான்ஸுக்குப் படுக்கை வசதி ரயிலும் உண்டு. வெள்ளி இரவு ஏறினால் சனிக்கிழமை காலை கடலருகே விழிக்கலாம். ஊரைத் தாண்டிப் பத்து நிமிடம் நடந்தால் போர்த்மியோர் கரை. அது வடக்கு பார்த்தது. தென்மேற்குக் காற்று ஊரையும் குன்றையும் தாண்டித்தான் வர வேண்டும், அதனால் மற்ற கரைகள் கெட்டிருக்கும் நாளில் இது நின்று கொடுக்கும். ஸ்வெல் வளைந்து வருவதால் அலை மற்ற இடங்களைவிடச் சிறியது. விரிகுடாவின் மறுபக்கம் க்விதியன், வடமேற்கு பார்த்த நீண்ட மணல். சிறிய ஸ்வெல் நாட்களுக்கு அது. எங்குமே அலை இல்லாத கோடை நாளில் நிலமுனையை (லேண்ட்ஸ் எண்ட்) ஒட்டிய சென்னன் கோவ் கரையில் கொஞ்சமாவது அலை இருக்கும், அட்லாண்டிக்குக்கு நேரே நீட்டிக்கொண்டிருப்பதால். வடக்குக் காற்று வந்துவிட்டால் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து தென் கரையின் ப்ரா சாண்ட்ஸுக்குப் போகலாம். பென்சான்ஸிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். இரண்டு கடல் இவ்வளவு பக்கத்தில் இருப்பதுதான் இந்தப் பகுதியின் அருமை.

ஓர் எடுத்துக்காட்டு. செப்டம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை. அமாவாசை கழிந்த மறுநாள். ஸ்வெல் 1.5 மீட்டர், 11 விநாடி, மேற்கு–வடமேற்கு. காற்று தென்மேற்கு, 18 மைல். வற்றம் 12.15. ஃபிஸ்ட்ரல், க்விதியன், சென்னன் மூன்றிலும் காற்று அலையைக் குலைக்கும். போர்த்மியோரில் அதே காற்று பின்னாலிருந்து, சற்றுப் பக்கவாட்டில் வரும்; அலை ஒரு மீட்டருக்குள் அடங்கும். நண்பகலில் அலை நீளவாக்கில் கவிழும், இறங்காதீர்கள். 2.15க்கு இறங்கி 4.30க்கு ஏறிவிடுங்கள். மறுநாள் காற்று வடக்குக்குத் திரும்பி 15 மைல் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். போர்த்மியோர் கெட்டுவிட்டது. ப்ரா சாண்ட்ஸில் காற்று சரி. ஆனால் மேற்கு–வடமேற்கு ஸ்வெல் நிலமுனையைச் சுற்றி வளைந்து வர வேண்டும், அரை மீட்டர்கூட மிஞ்சாது. நுரை அலைப் பயிற்சிக்குப் போதும். அதே ஸ்வெல் தென்மேற்கிலிருந்து வந்திருந்தால் அங்கே நல்ல நாள்.

நியூக்கீ பிரபலமானது, பள்ளிகளும் வாடகைக் கடைகளும் நிறைய. ஃபிஸ்ட்ரலில் கூட்டமும் போட்டியும் அதிகம். கற்றுக்கொள்பவருக்கு வாட்டர்கேட் பேயோ, வடக்கே தட்டையான பொல்ஸெத்தோ நிம்மதி. டெவனில் க்ரொய்டும் சான்டனும் அடுத்தடுத்த கரைகள்தான், குணத்தில் நேர் எதிர். க்ரொய்டில் வற்றத்தின்போது அலை குழாயாக மடிந்து ஆழமில்லாத மணலில் ஓங்கி விழும். போர்டு உடையும், தோள் கழலும். புதியவர் அங்கே அந்த நேரத்தில் இறங்கவே கூடாது. சான்டனில் அலை தொலைவிலேயே சோம்பலாக உடைந்து நீண்ட தூரம் உருண்டு வரும். நீளப் போர்டுக்காரர்களுக்குச் சொர்க்கம். தெற்குக் காற்று என்றால் புட்ஸ்பரோவுக்குக் குன்றின் மறைவு உண்டு. கார் உள்ள நண்பர் கிடைத்தால் டெவனும் நல்ல தேர்வுதான். வேல்ஸில் கவர் தீபகற்பத்தின் லாங்கெனித், மேற்கு பார்த்த நீண்ட கரை, கிழக்குக் காற்றுக்கு ஏற்றது; பெரிய ஸ்வெல்லில் மேற்குக் காற்று அடித்தால் அதே தீபகற்பத்தின் தெற்கில் லாங்லண்ட்.

லண்டன்காரர்கள் பலர் மறந்துவிடுவது வடகிழக்கை. கிங்ஸ் க்ராஸிலிருந்து நியூகாஸிலுக்கு மூன்று மணி நேரம். அங்கிருந்து மெட்ரோவில் டைன்மத். லாங்சாண்ட்ஸ் கரை நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். டார்லிங்டனில் மாறிப் போனால் சால்ட்பர்னில் கரைக்கு மேலேயே ரயில் நிலையம். ஆனால் இங்கே ஸ்வெல் நிரந்தரமில்லை. தாழ்வழுத்தம் ஐஸ்லாந்தைக் கடந்து நார்வே பக்கம் போய், அதன் பின்னால் வடக்குக் காற்று பலமாக அடித்தால்தான் வட கடலில் அலை இறங்கி வரும். வந்தாலும் ஓரிரு நாள்தான். அந்த அலை இருக்கும்போதே காற்று மேற்காகத் திரும்பினால் கண்ணாடி போன்ற அலைகள். முன்னறிவிப்பில் வடக்கு, 1 மீட்டர், 9 விநாடிக்கு மேல் என்று வந்ததும் டிக்கெட் எடுங்கள். ஸ்காட்லாந்தின் வட முனையில் தர்சோ கிழக்கு, பாறைத் தட்டின்மேல் வலப்பக்கமாக ஓடும் உலகத்தரமான அலை, அது தேர்ந்தவர்களுக்கு. டிசம்பரில் அங்கே பகல் வெளிச்சம் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான்.

பிரைட்டன், போர்ன்மத் பக்கத்தில் இருக்கிறதே என்றால், ஆங்கிலக் கால்வாயில் வருவது பெரும்பாலும் உள்ளூர்க் காற்று கிளப்பும் 5, 6 விநாடி அலை. காற்று நின்ற சில மணி நேரத்தில் அதுவும் நின்றுவிடும். போர்ன்மத்தின் பாஸ்கோமில் 30 லட்சம் பவுண்டுக்கு மேல் செலவழித்துப் பிரம்மாண்ட மணல் மூட்டைகளால் செயற்கைத் திட்டு கட்டி 2009இல் திறந்தார்கள். 2011இல் சேதமடைந்து மூடப்பட்டது. அலைக்காக அங்கே திட்டம் போட வேண்டாம்.

மாதத்தைப் பொறுத்தவரை, செப்டம்பர் முதல் வாரத்திலிருந்து அக்டோபர் நடு வரை. ஆகஸ்ட் முழுதும் சூடேறிய கடல் கார்ன்வாலில் 16, 17 டிகிரியில் இருக்கும், அட்லாண்டிக்கில் சூறாவளிகளின் எச்ச ஸ்வெல் வரத் தொடங்கும், பள்ளி திறந்துவிடுவதால் கூட்டமும் அறை வாடகையும் இறங்கும். ஜூன், ஜூலையில் அலை சிறியது, சில வாரம் கடல் தட்டையாகவே கிடக்கும். நுரை அலையில் பழக அது போதும். ஏமாற்றுவது ஏப்ரலும் மே மாதமும். வெயில் அடிக்கும், தண்ணீரோ 10, 11 டிகிரி. கடல் மிகக் குளிர்ந்திருப்பது ஜனவரியில் இல்லை, மார்ச்சில்; கார்ன்வாலில் 9, 10 டிகிரி, வடகிழக்கில் 5 முதல் 7. வெட்சூட் என்ற ரப்பர் உடையில் 4/3 என்றால் உடம்புக்கு 4 மில்லிமீட்டர், கைகால்களுக்கு 3. செப்டம்பரில் 3/2 போதும், குளிர் தாங்காத நமக்கு 4/3. மே மாதம் 4/3, ரப்பர் காலுறையோடு. நவம்பருக்கு மேல் 5/4, தலைமூடி, கையுறை எல்லாம் வேண்டும். வடகிழக்கில் 6 மில்லிமீட்டர். வாடகைக்கு எடுக்கும்போது கழுத்திலும் இடுப்பின் பின்பக்கத்திலும் காற்றுப்பை விழாமல் ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். அங்கே தளர்ந்திருந்தால் ஒவ்வொரு அலைக்கும் குளிர்ந்த தண்ணீர் உள்ளே புகும், இருபது நிமிடத்தில் கை வேலை செய்யாது.

கரைக்குப் போனதும் உடனே இறங்காமல் பதினைந்து நிமிடம் பாருங்கள். அலை உடையாமல், நிறம் கருத்து, நுரை கடல் பக்கமாக நகரும் பட்டை எங்காவது தெரிந்தால் அதுதான் ரிப். பாறை ஓரங்களிலும் ஓடை கலக்கும் இடங்களிலும் அடிக்கடி இருக்கும். மாட்டிக்கொண்டால் போர்டை விடாதீர்கள், எதிர்த்துத் துடுப்பு போடாதீர்கள். பக்கவாட்டில் போய் அலை உடையும் இடத்தை அடைந்து நுரையோடு கரை சேருங்கள். முடியவில்லை என்றால் போர்டின்மேல் படுத்துக்கொண்டு கையை உயர்த்துங்கள். ஆர்.என்.எல்.ஐ என்ற கடல் மீட்பு அமைப்பின் உயிர்காப்பாளர்கள் உள்ள கரையில் சிவப்பு–மஞ்சள் கொடிகளுக்கு நடுவே நீச்சலும் பாடிபோர்டும். சர்ஃபிங் கறுப்பு–வெள்ளைக் கட்டமிட்ட கொடிகளுக்கு நடுவே. சிவப்புக் கொடி தனியாகப் பறந்தால் யாரும் இறங்கக் கூடாது. பெரும்பாலான கரைகளில் காவல் செப்டம்பர் இறுதியோடு முடிந்துவிடும். அக்டோபரில் போகிறீர்கள் என்றால் பயிற்சிப் பள்ளி வகுப்பில் சேர்ந்தே இறங்குங்கள். கரையிலிருந்து யாரையாவது ஆபத்தில் பார்த்தால் 999 அழைத்து கோஸ்ட்கார்ட் என்று கேளுங்கள்.

பலத்த மழைக்குப் பிறகு இன்னொரு தொல்லை. மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடும் பழைய அமைப்பு நிரம்பினால், சுத்திகரிக்காத கழிவு கடலில் திறந்துவிடப்படும். கார்ன்வாலில் 1990இல் தொடங்கிய ‘சர்ஃபர்ஸ் அகெய்ன்ஸ்ட் சூவேஜ்’ அமைப்பின் செயலியில் எந்தக் கரையில் எப்போது கழிவு விட்டார்கள் என்ற எச்சரிக்கை வரும். சிவப்பு காட்டினால் 48 மணி நேரம் அந்தக் கரையை விட்டுவிடுங்கள். ஆற்று முகத்துவாரங்களில் கூடுதலாகவே எச்சரிக்கை வேண்டும்.

கோடை வற்றத்தில் மணலுக்குள் வீவர் என்ற சிறிய மீன் புதைந்து கிடக்கும். முதுகு முள்ளில் விஷம். மெல்லிய ரப்பர் காலுறை பெரும்பாலும் காப்பாற்றும். குத்திவிட்டால் முள்ளை எடுத்துவிட்டு, தோல் வெந்துவிடாத அளவுக்குத் தாங்கக்கூடிய சூட்டில் காலைத் தண்ணீரில் அரை மணி நேரமாவது வைத்திருக்க வேண்டும், தண்ணீர் ஆற ஆற மாற்றிக்கொண்டு. உயிர்காப்பாளர் கூடாரத்தில் கேட்டால் வாளியும் வெந்நீரும் தருவார்கள். ஐஸ் வைக்காதீர்கள், அதில் இந்த வலி குறையாது.